கழன்று வந்த ஒயர்

வீட்டு ஆடியோ கருவிகளுக்கென்றே தனியாக விற்கப்படும் பவர் கார்டு இன்று ஒரு பெரிய சந்தை. ஆம்ப்ளிஃபயரோடு அட்டைப்பெட்டிக்குள் வந்த கறுப்பு ஒயரை ஓரமாக வைத்துவிட்டு, அதே வேலைக்கு இன்னொரு ஒயரைப் பல ஆயிரம் கொடுத்து வாங்குகிறார்கள். லட்சத்தைத் தாண்டும் விலைகளும் உண்டு. 2004-இல் நார்டோஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வல்ஹாலா பவர் கார்டு ஒன்று 2,500 டாலருக்கு விற்றது. இந்தச் செலவுக்குப் பலன் உண்டா என்ற கேள்வியை எல்லோரும் காதிடம் கேட்கிறார்கள். காது சொல்வது ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஆகவே சண்டை முடிவதே இல்லை. வரலாற்றிடம் கேட்டால் இன்னும் தெளிவான பதில் கிடைக்கும். வீட்டுக் கரண்டில் பாட்டுக் கேட்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதும் கரண்டிலிருந்து வரும் இரைச்சலோடு மிகத் திறமையான பொறியாளர்கள் போராடியிருக்கிறார்கள். அவர்கள் எதையெல்லாம் மாற்றினார்கள், எதை மாற்றாமல் விட்டார்கள், ஒயர் எந்தக் கட்டத்தில் சரக்காயிற்று என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். பவர் கார்டு ஆடியோ பொருளானதற்குப் பின்னால் எந்த மின்னியல் கண்டுபிடிப்பும் இல்லை. கருவியிலிருந்து அதைக் கழற்ற முடிந்தது, அதனால் தனியாக விற்கவும் முடிந்தது.

1920-களின் தொடக்கத்தில் வீட்டு ரேடியோ பேட்டரியில்தான் ஓடியது. வால்வின் ஃபிலமெண்டைச் சூடாக்க ஈய-அமில பேட்டரி ஒன்று, பிளேட்டுக்கு உயர் வோல்டேஜ் தர உலர் பேட்டரிகளின் அடுக்கு ஒன்று. அமில பேட்டரியை அடிக்கடி சார்ஜ் ஏற்ற வேண்டும். அமிலம் சிந்தினால் தரை விரிப்பு போயிற்று. வீட்டுக்குள் மின்சாரம் இருந்தும் அதை நேராகப் பயன்படுத்த முடியாததற்குக் காரணம் ஹம் என்ற உறுமல். திசை மாறி மாறி ஓடும் கரண்டை ஃபிலமெண்டுக்குக் கொடுத்தால் அந்த மாற்றம் அப்படியே ஸ்பீக்கரில் கேட்டது. கனடாவின் டொரான்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ், ஃபிரெடெரிக் மெக்கல்லோவின் ஏசி வால்வு உரிமையை வாங்கி மேம்படுத்தி, 1925-இல் பேட்டரியே வேண்டாத ரேடியோவைக் கொண்டுவந்தார். அவர் 1927-இல் தொடங்கிய வானொலி நிலையத்துக்குச் சி.எஃப்.ஆர்.பி என்று பெயர். கடைசி எழுத்து பேட்டரியில்லா ரேடியோவைக் குறித்தது. அதே 1927-இல் அமெரிக்காவில் யு.ஒய்-227 என்ற வால்வு வந்தது. அதில் சூடாக்கும் இழையும் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடும் தனித்தனி. இழையில் கரண்ட் எப்படி ஆடினாலும் கேத்தோடின் சூடு ஆடாது. ரெக்டிஃபயருக்குப் பின்னால் சோக்கும் கண்டென்சரும் சேர்ந்து மிச்ச அலையை வழித்தெடுத்தன. எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் மலிவானபோது வடிகட்டல் இன்னும் ஆழமானது.

ஹம் உண்மையான எதிரி என்பதை அந்தக் காலத்தில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். சாதாரண ஆளின் காதிலும் அது விழுந்தது, மீட்டரிலும் தெரிந்தது. அதைத் தோற்கடித்த இடம் பெட்டியின் உள்ளே. வால்வின் அமைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், சோக், கண்டென்சர், பூமி இணைப்பு, 1927-இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் யோசித்த எதிர்மறைப் பின்னூட்டம் என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். சுவரிலிருந்து பெட்டி வரை வரும் ஒயரை மாற்றி ஹம்மைக் குறைக்கலாம் என்று யாரும் அதன் பின்னால் போகவில்லை. மில்லிவோல்ட் கணக்கில் இரைச்சலைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த ஒயரில் பலன் இருந்திருந்தால் அதைக் கைவிட்டிருக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

ஹை-ஃபை என்று நாம் சொல்லும் காலம் இதற்குப் பின் வந்தது. 1947-இல் வில்லியம்சன் தன் ஆம்ப்ளிஃபயர் வரைபடத்தை பிரிட்டிஷ் இதழான வயர்லெஸ் வேர்ல்டில் வெளியிட்டார். 1948-இல் எல்.பி தட்டு, 1953-இல் பீட்டர் வாக்கரின் க்வாட் II ஆம்ப்ளிஃபயர், 1958-இல் ஸ்டீரியோ தட்டு என்று வரிசையாக வந்தன. இன்றும் பழைய விஷயம் தெரிந்தவர்கள் தேடி வாங்கும் கருவிகள் பல அந்தக் காலத்தவை. பெரும்பாலானவற்றில் பவர் ஒயர் பெட்டிக்குள்ளேயே சால்டர் செய்து, இழுபடாமல் இருக்க முடிச்சோ கிளிப்போ போட்டு, பின்பக்கத்து ரப்பர் வளையத்தின் வழியாக வெளியே வந்தது. பிரிட்டனில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மின்சாதனங்கள் பிளக் இல்லாமல்தான் விற்கப்பட்டன. வாங்கியவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன் வீட்டு சாக்கெட்டுக்குப் பொருந்தும் பிளக்கை மாட்டிக்கொள்ள வேண்டும். பிளக்கோடு விற்க வேண்டும் என்ற சட்ட விதி 1994-இல்தான் வந்தது. உலகின் மிக நுணுக்கமான ஒலிக் கருவிகளைச் செய்த நாட்டில், கரண்ட் வரும் முனை ஹார்ட்வேர் கடைச் சரக்காகவே இருந்தது. 1978-இல் ஜேம்ஸ் மோயர் க்வாட்டின் மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபயர்களை, ஒரு வால்வு மாடலையும் இரண்டு டிரான்சிஸ்டர் மாடல்களையும், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பவர்களின் முன் வைத்துச் சோதித்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கே இந்த நிலை என்றால் அதன் ஒயரைப் பற்றி அப்போது பேச்சே எழாததில் வியப்பில்லை.

திருப்பம் ஒரு தர நிர்ணய ஆவணத்திலிருந்து வந்தது. சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவான ஐ.இ.சி 1970-இல் 320 என்ற எண்ணில் கழற்றி மாட்டும் இணைப்பான்களுக்கு அளவு வகுத்தது. இன்று கம்ப்யூட்டர் பவர் கார்டு என்று நாம் சொல்லும் மூன்று கால் முனை அந்தக் குடும்பம்தான். அதன் நோக்கம் வணிக வசதி. ஒவ்வொரு நாட்டிலும் சுவர் சாக்கெட் வேறு. கருவியை ஒரே மாதிரி செய்து, நாட்டுக்கேற்ற ஒயரை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பினால் தயாரிப்பாளருக்குச் செலவு குறையும். ஒயர் பழுதானால் கருவியைப் பிரிக்கவும் வேண்டாம். 1980-களில் மேசைக் கம்ப்யூட்டர்கள் பெருகியபோது அந்த முனையும் ஒயரும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி மலிவாயின. ஆடியோ தயாரிப்பாளர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒயர் கருவியின் உறுப்பாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. யார் வேண்டுமானாலும் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்றானது.

மாட்டுவதற்கு வேறொன்றை விற்கும் ஆட்கள் அப்போது தயாராக இருந்தார்கள். 1970-களின் பிற்பாதியில் ஸ்பீக்கர் ஒயர் தனிச் சரக்காகியிருந்தது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பொறியாளராக வேலை பார்த்த நோயல் லீ கலிஃபோர்னியாவில் மான்ஸ்டர் கேபிளைத் தொடங்கினார். ஸ்பீக்கர் ஒயரின் தடிமனுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்: நீளமான மெல்லிய ஒயரின் தடை, எட்டு ஓம் அல்லது நாலு ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிடும்போது புறக்கணிக்க முடியாத அளவு. ஆனால் சந்தை தடிமனோடு நிற்கவில்லை. கருவிகளில் கடைக்காரருக்கு மிஞ்சும் லாபம் குறைந்துகொண்டே போன காலத்தில், பக்கத்தில் வைத்து விற்கும் ஒயர் நல்ல லாபம் தந்தது. ஜப்பானில் சிபா தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஓனோ உருவாக்கிய தொடர்வார்ப்பு முறையில் நீண்ட படிகங்கள் கொண்ட செம்புக் கம்பியை ஃபுருகாவா நிறுவனம் தயாரித்தது. 2013-இல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தும் வரை அந்தக் கம்பி ஆடியோ ஒயர்களின் விளம்பரங்களில் நிலையாக இருந்தது. ஸ்பீக்கர் ஒயர், பிறகு கருவிகளுக்கு இடையிலான சிக்னல் ஒயர், 1990-களில் பவர் கார்டு என்று சந்தை நகர்ந்தது. ஸ்பீக்கர் ஒயரில் ஓடுவது இசைச் சிக்னல். பவர் கார்டில் ஓடுவது ஐம்பது அல்லது அறுபது ஹெர்ட்ஸ் கரண்ட். கருவி முதல் வேலையாக அதை நேராக்கி, தேக்கி, வடித்த பிறகே பயன்படுத்துகிறது. ஒன்றுக்குச் சொன்ன வாதத்தை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது இந்த வேறுபாடு தவறிப்போனது.

ஆம்ப்ளிஃபயரின் மேல் மூடியைத் திறந்து பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். பின்பக்கத்து மூன்று கால் சாக்கெட்டின் முதுகில் சின்னத் தகரக் கால்கள். அவற்றிலிருந்து சாதாரண ஒயர் இரண்டு அங்குலம் ஓடி ஃபியூஸுக்குப் போகிறது. கண்ணாடிக் குழாய்க்குள் தலைமுடி போன்ற ஒற்றைக் கம்பி. கருவிக்குப் போகும் மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான். அதற்கப்பால் சுவிட்ச், பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று, நூற்றுக்கணக்கான சுற்றுகள் மெல்லிய எனாமல் கம்பி. நடுத்தர டிரான்ஸ்ஃபார்மரில் இந்தச் சுற்றின் தடை மட்டுமே சில ஓம் இருக்கும். இப்போது ஒயரின் கணக்கு. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை கிலோமீட்டருக்கு 26 ஓம். ஒன்றரை மீட்டர் கார்டில் போகவர மூன்று மீட்டர், ஆக 0.078 ஓம். இதை எடுத்துவிட்டு 2.5 சதுர மில்லிமீட்டரில் தடித்த கார்டு போட்டால் 0.024 ஓம். மிச்சம் 0.054 ஓம். 200 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயரில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் ஓடும். அதனால் கிடைக்கும் லாபம் 0.054 வோல்ட். நம் ஊரில் 230 வோல்ட் சில சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பதே விதி. சுவருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இருபது மீட்டர் ஓடினாலே போகவர அரை ஓம்.

இதற்கு விவரமறிந்தவர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது. ரெக்டிஃபயர் கரண்டைச் சீராக இழுப்பதில்லை; அலையின் உச்சியில் மட்டும் குட்டிக் குட்டி வெடிப்பாக இழுக்கிறது, அந்த உச்சக் கரண்ட் சராசரியைப் போலப் பல மடங்கு. சரி, பத்து ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 325 வோல்ட் உச்சியில் தடித்த கார்டு தரும் லாபம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். அதை ஆம்ப்ளிஃபயர் தரக்கூடிய அதிகபட்ச ஒலியாக மாற்றினால் 0.02 டெசிபெலுக்கும் கீழே. அதுவும் முழு வேகத்தில் ஓடும்போது மட்டும். அந்த உச்சக் கரண்டுக்குக் கண்டென்சர் வரை வழியில் நிற்கும் பெரிய தடை டிரான்ஸ்ஃபார்மருடையது, கார்டுடையது அல்ல.

இரண்டாவது மறுப்பு ரேடியோ அலைவரிசை இரைச்சலைப் பற்றியது. ஷீல்டு போட்ட, முறுக்கிப் பின்னிய கார்டு அதை வடிகட்டும் என்கிறார்கள். அப்படிப்பட்ட இரைச்சல் இருக்கிறது, எல்.இ.டி விளக்கு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் அதை லைனில் ஏற்றுகின்றன. ஆனால் மீட்டர் கணக்கு ஒயருக்கு உள்ள கெப்பாசிட்டன்ஸ் நூறு பிகோஃபேரட் அளவில் நிற்கிறது. கருவியின் வாசலிலேயே வைக்கும் ஃபில்டரில் 0.1 மைக்ரோஃபேரட் கண்டென்சர் சர்வசாதாரணம்; அது நூறு பிகோஃபேரட்டைப் போல ஆயிரம் மடங்கு. ஐரோப்பாவில் மின்காந்த இடையூறு விதிகள் 1996 தொடக்கத்திலிருந்து கட்டாயம் என்பதால் அங்கே விற்கும் எந்தக் கருவியும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது, அதுவும் சாதாரண கார்டோடு. எங்காவது உண்மையிலேயே ரேடியோ இரைச்சல் புகுந்தால், ஒயரின் மேல் கவ்வும் ஃபெரைட் வளையம் ஒன்று போதும். அதன் விலை காபி டிஃபன் செலவுக்குள் அடங்கும்.

மூன்றாவது மறுப்பு அடிக்கடி கேட்பது. மின்நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும் கரண்டை கடைசி ஒன்றரை மீட்டர் எப்படி மாற்றும் என்று கேட்டால், கருவியின் கண்ணோட்டத்தில் அதுவே முதல் ஒன்றரை மீட்டர் என்று பதில் வருகிறது. கேட்க அழகான பதில். அதை நம்பினால் இரண்டாவது மீட்டரும் பத்தாவது மீட்டரும் ஏறக்குறைய அதே அளவு முக்கியம். ஜப்பானில் சிலர் இந்த வாதத்தை அதன் எல்லை வரை நேர்மையாகக் கொண்டுபோனார்கள். அண்டை வீட்டாரோடு பகிராத தனி மின்கம்பத்தையும் அதில் தனி டிரான்ஸ்ஃபார்மரையும் தங்கள் வீட்டு வாசலில் நட்டுக்கொண்டார்கள். 2016-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாக எழுதியது. தனி டிரான்ஸ்ஃபார்மர் அண்டை வீட்டு மோட்டாரின் இழுப்பைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஒயரை மட்டும் மாற்றிவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பவரின் வாதத்தைவிட அது வலுவானது.

காதின் சாட்சிக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் கிளார்க்கும் கூட்டாளிகளும் ஏ.பி.எக்ஸ் என்ற ஒப்பீட்டு முறையைப் பரப்பினார்கள். ஏ ஒரு பொருள், பி இன்னொன்று, எக்ஸ் இந்த இரண்டில் ஒன்று. எது என்று கேட்பவருக்குத் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. 1983 ஆகஸ்டில் ஸ்டீரியோ ரிவ்யூ இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் ஸ்பீக்கர் ஒயர்களை இதில் வைத்துச் சோதித்தார். 24 கேஜ் மெல்லிய ஒயரை, பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை ஓடவிட்டபோது, கேட்டவர்கள் பிரித்துச் சொன்னார்கள். தடித்த சாதாரண ஒயருக்கும் மான்ஸ்டருக்கும் இடையே இசையை வைத்துக் கேட்டபோது அவர்களால் முடியவில்லை. கண்ணை மறைத்துச் செய்யும் சோதனை பதற்றத்தால் எல்லா வேறுபாட்டையும் அழித்துவிடும் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில். வேறுபாடு இருந்த இடத்தில் அது வெளியே வந்தது. பவர் கார்டுக்கே இப்படி ஒரு சோதனை 2004 டிசம்பரில் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டார ஆடியோ ஆர்வலர்களை வைத்து, ஹோம் தியேட்டர் கருவிகளைப் பற்றி எழுதும் ஒரு வெளியீடு அதை நடத்தியது. ஒரு பக்கம் சாதாரண கார்டு, மறுபக்கம் முதலில் சொன்ன அதே வல்ஹாலா. கேட்டவர்கள் உயர்ரகக் கருவிகளோடு வாழ்பவர்கள். சோதனையை நடத்தியவர்களில் ஒருவர் கார்டுகளில் வேறுபாடு உண்டு என்று உறுதியாக நம்பியவர். 149 பதில்களில் 73 சரி. நாணயத்தைச் சுண்டினாலும் 74, 75 வரும்.

ஒரு சோதனை எல்லாவற்றையும் முடித்துவைக்காது. பதினைந்து ஆண்டுகள் கூர்ந்து கேட்டுப் பழகிய ஒருவருக்கு அன்று தெரியாதது இன்னொரு நாள் தெரியலாம். ஆனால் சுமை யார் மேல் என்று பார்க்க வேண்டும். கணக்கு பலன் இல்லை என்கிறது. பல பத்தாண்டு ஒலிப் பொறியியல் அதைத் தேடவில்லை. ஸ்டூடியோவில் அந்தப் பாட்டையே பதிவு செய்த கருவிகள் பெரும்பாலும் சாதாரண கார்டில் ஓடின. இத்தனைக்கும் எதிராகப் பேசுபவர்தான், மறைத்து வைத்தும் கேட்கும் வேறுபாட்டைக் காட்ட வேண்டும். கார்டை மாற்றியபின் இசை திறந்துகொண்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. கார்டை மாற்ற ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிடுங்கி, செருகி, மறுபடி போட வேண்டும். ஒலியின் நுண்விவரம் நினைவில் தங்குவது சில வினாடிகள்தான். அந்த இடைவெளியை எதிர்பார்ப்பு நிரப்பிவிடுகிறது. சில வீடுகளில் உண்மையான மாற்றமும் நடந்திருக்கும்: பல ஆண்டு அசையாமல் களிம்பேறிய பிளக்கைப் பிடுங்கிச் செருகும்போது பித்தளைக் கால்கள் உரசிச் சுத்தமாகின்றன, தளர்ந்த பிடி இறுகுகிறது. பழைய கார்டையே பிடுங்கி மாட்டினாலும் அது நடக்கும்.

கார்டுக்குள் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய கம்பி ஒன்று உண்டு. அது பச்சை எர்த் கம்பி. இரண்டு கருவிகள் சிக்னல் ஒயரால் இணைந்திருக்கும்போது அவற்றின் உடல்களுக்கு இடையே சிறு வோல்டேஜ் இருந்தால், அந்த வேறுபாட்டால் சிக்னல் ஒயரின் ஷீல்டில் கரண்ட் ஓடி ஹம்மாகக் கேட்கும். 1995-இல் நீல் மன்சி ஒலிப் பொறியாளர் சங்க இதழில் எழுதிய கட்டுரையும், ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் பில் விட்லாக் பல ஆண்டுகள் விளக்கியதும் இந்தச் சிக்கலைத்தான். எர்த் கம்பியின் தடை குறைந்தால் இந்த வோல்டேஜ் குறையும் என்பது உண்மை. ஜப்பானில் எர்த் இல்லாத இரண்டு கால் பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஒலி மாறுகிறது என்று அங்குள்ளவர்கள் சொன்னதிலும் சரக்கு இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கருவியின் உடலுக்குக் கசியும் கரண்ட் பிளக்கின் திசையைப் பொறுத்து மாறும், மீட்டரில் அளந்து பார்க்கலாம். ஆனால் இதற்கான தீர்வுகள் மலிவானவை. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது, சிக்னல் ஒயரைச் சின்னதாக வைத்துக்கொள்வது, கேபிள் டிவி ஒயர் வழியாக எர்த் நுழைந்தால் அதற்கு ஐசொலேட்டர் போடுவது. ஐ.எஸ்.ஐ முத்திரை பெற்ற, மூன்று கம்பியும் உள்ள 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு அதற்குமேல் தேவையில்லை.

நம் ஊர் வீடுகளில் பணம் போக வேண்டிய இடம் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று துளை சாக்கெட்டில் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் உண்டு. எர்த் குழி காய்ந்து பயனற்றுப் போன வீடுகளும் உண்டு. இந்தியத் தரப்படி பிளக்கில் எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பது, முதலில் தொட்டுக் கடைசியில் விடுவதற்காக. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தத் துளைக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அளந்து பார்த்துச் சரிசெய்யச் சொல்லலாம். ஹம் வருகிறது என்று எர்த் காலை அறுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். உறுமல் நின்றுவிடும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்றாவது பழுதானால் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலில் 230 வோல்ட் நிற்கும், ஃபியூஸும் போகாது.